லினக்ஸ் லேப்டாப்பில் ஸ்மார்ட் கார்டு ரீடர்: அதை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

லேப்டாப்பின் ஓரத்திலேயே கார்டு செருகும் துளை இருக்கிறது. கையில் இரண்டு கார்டுகள். ஒன்றில் ஜிபிஜி (குறியாக்கத்துக்கும் கையொப்பத்துக்குமான மென்பொருள்) சாவிகள், அதை வைத்துத்தான் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) லாகின், கிட் கமிட் (நிரல் மாற்றப் பதிவு) கையொப்பம் எல்லாம். இன்னொன்றில் டிஜிட்டல் சான்றிதழ், பிடிஎஃப் கோப்புகளில் கையொப்பம் போட. முதல் கார்டு எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. இரண்டாவதைச் செருகினால் கையொப்ப மென்பொருள் 'ரீடர் எதுவும் இல்லை' என்றது. கார்டைப் படிக்க முடியவில்லை என்று சொல்லியிருந்தால்கூடச் சரி, கார்டில் கோளாறு என்று நினைக்கலாம். ரீடரே இல்லை என்கிறது, அதே ரீடரில் ஒரு நிமிடத்துக்கு முன்னால் இன்னொரு கார்டு வேலை செய்திருக்கிறது. ரீபூட் செய்தால் சில சமயம் இரண்டாவது கார்டு வேலை செய்யும், அப்போது முதல் கார்டு வேலை செய்யாது. இந்த மாறி மாறி வரும் நடத்தைதான் உண்மையில் பெரிய துப்பு.

இந்த மாதிரிச் சிக்கலுக்குப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை: எல்லா பேக்கேஜையும் நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய், ரூட்டாக ஓட்டிப் பார், அனுமதிகளை எல்லாருக்கும் திறந்துவிடு. இதில் எதையும் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். தற்செயலாகச் சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த அப்டேட்டில் திரும்பி வரும்போது மறுபடி அதே இருட்டு. கார்டுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் நாலைந்து அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் அதைக் கேள்வி கேட்க ஒரு கருவி இருக்கிறது. கீழிருந்து மேலே கேட்டுக்கொண்டே வந்தால், எந்த அடுக்கில் பதில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அது தெரியும்வரை எந்த அமைப்பையும் மாற்றக்கூடாது.

முதலில் அடுக்குகளைச் சொல்லிவிடுகிறேன். அடியில் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), அதற்கு ரீடர் வெறும் ஒரு யூஎஸ்பி சாதனம். லேப்டாப்புக்குள்ளேயே பதித்திருந்தாலும் பெரும்பாலும் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத்தான் இணைத்திருப்பார்கள். அதற்கு மேல் லிப்-சிசிஐடி என்ற டிரைவர். சிசிஐடி என்பது ஸ்மார்ட் கார்டு ரீடர்களுக்கான பொது யூஎஸ்பி வரையறை, அதைப் பின்பற்றும் ரீடருக்குத் தனி டிரைவர் தேவையில்லை. அதற்கு மேல் பிசிஎஸ்சி-டி என்ற டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), ரீடரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது இதன் வேலை. அதற்கும் மேலே ஓப்பன்எஸ்சி, அது கார்டுக்குள் இருக்கும் சாவிகளையும் சான்றிதழ்களையும் பிகேசிஎஸ்-11 என்ற இடைமுகம் வழியாக வெளியே காட்டும். கடைசியாக உலாவி, பிடிஎஃப் மென்பொருள் போன்றவை. ஜிபிஜி மட்டும் இந்த வரிசையில் நிற்காது, அதன் கதை பின்னால் வருகிறது.

அடியிலிருந்து ஆரம்பித்தேன். யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்-யூஎஸ்பி கட்டளையில் ரீடர் தெரிந்தது. பெயரில் ஸ்மார்ட் கார்டு என்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விவரமாகக் காட்டச் சொன்னால் இடைமுக வகுப்பு எண் 11 என்றும் அதன் பக்கத்தில் சிப், ஸ்மார்ட்கார்டு என்றும் வரும், அதுதான் அடையாளம். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எஸ்டி கார்டு துளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வேறு சாதனம், வேறு டிரைவர்; கர்னல் லாகில் கார்டு ரீடர் என்று கண்ணில் படுவது பல நேரம் எஸ்டி ரீடராகத்தான் இருக்கும். அப்புறம், சில லேப்டாப் மாடல்களில் வெளியே துளை இருக்கும், உள்ளே ரீடரே இருக்காது, ஒரே உடலை எல்லா வகைக்கும் பயன்படுத்துவதால் பிளாஸ்டிக்கை வைத்து மூடியிருப்பார்கள். எல்எஸ்-யூஎஸ்பி-யில் வகுப்பு 11 எதுவுமே வரவில்லை என்றால் முதலில் பயாஸ் அமைப்பில் ஸ்மார்ட் கார்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், அங்கே அந்த வரியே இல்லை என்றால் ரீடர் இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

கர்னலுக்குத் தெரிகிறது. அடுத்தது டீமன். சிஸ்டம்-சிடிஎல் கட்டளையில் பிசிஎஸ்சி-டி நிலையைக் கேட்டால் 'இன்ஆக்டிவ், டெட்' என்று வந்தது. இதைப் பார்த்துப் பதற வேண்டாம், இது கோளாறு இல்லை. சிஸ்டம்-டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் அமைப்பு) உள்ள இயங்குதளங்களில் இந்த டீமன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது. ஒரு சாக்கெட் (மென்பொருள்கள் டீமனோடு பேசும் வாசல்) மட்டும் காத்திருக்கும், யாராவது வந்து கேட்டால் டீமன் எழும், கேட்பவர் யாரும் இல்லாமல் 60 வினாடி போனால் தானாகவே நின்றுவிடும். ஆகவே பார்க்க வேண்டியது சர்வீஸை இல்லை, பிசிஎஸ்சி-டி சாக்கெட்டை. அது 'லிசனிங்' என்றால் எல்லாம் ஒழுங்கு. டீமன் செத்துக் கிடக்கிறது என்று நினைத்து அதை நிரந்தரமாக ஓடவிடும் யோசனையை நிறையப் பேர் சொல்கிறார்கள், அதனால் இந்தச் சிக்கல் தீராது, கேட்டால் எழுந்துவிடும் ஒன்றை ஏற்கெனவே எழுப்பி வைப்பதால் என்ன மாறிவிடப் போகிறது?

அடுத்து பிசிஎஸ்சி-ஸ்கேன். பிசிஎஸ்சி-டூல்ஸ் பேக்கேஜில் வரும் சின்னக் கருவி இது. ரீடர் பெயரைக் காட்டும், கார்டைச் செருகியதும் எடுத்ததும் உடனுக்குடன் சொல்லும், கார்டு எழுந்ததும் தன்னை அறிமுகப்படுத்தி அனுப்பும் ஏடிஆர் பைட்டுகளைப் பிரித்து விளக்கும். எனக்கு அது ரீடரைத் தேடிக்கொண்டே நின்றது, ஒரு பெயரும் வரவில்லை. ஆக, கர்னலுக்கும் டீமனுக்கும் நடுவில்தான் எங்கோ அறுந்திருக்கிறது. கார்டில் கோளாறா, சான்றிதழ் காலாவதியா, பின் எண் தப்பா என்ற கேள்விகளை எல்லாம் இந்த இடத்திலேயே ஒதுக்கி வைத்துவிடலாம், ஏனென்றால் பேச்சு இன்னும் கார்டுவரை போகவே இல்லை.

இந்த இடத்தில் டீமனை நம் கண்முன்னால் ஓட வைப்பதுதான் சரியான வழி. சர்வீஸ், சாக்கெட் இரண்டையும் நிறுத்த வேண்டும். சர்வீஸை மட்டும் நிறுத்தினால் அடுத்த நொடியில் யாராவது சாக்கெட்டைத் தட்டுவார்கள், அது மறுபடி எழுந்துவிடும். இரண்டையும் நிறுத்திவிட்டு, டெர்மினலில் ரூட்டாக பிசிஎஸ்சி-டி-யை ஃபோர்கிரவுண்ட், டீபக் என்ற இரண்டு விருப்பங்களோடு ஓட்டினேன். வரிகள் ஓடின. டிரைவர் பட்டியலைப் படித்தது, யூஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது, நம்முடைய ரீடரைக் கண்டுபிடித்தது, திறக்கப் போனது, அங்கே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: இடைமுகத்தைக் கைப்பற்ற முடியவில்லை, லிப்-யூஎஸ்பி எரர் பிஸி. இந்த 'பிஸி' என்ற ஒரு சொல்லில் பாதி வேலை முடிந்துவிட்டது. ரீடரில் பழுது இல்லை, டிரைவரில் குறை இல்லை, அனுமதிச் சிக்கலும் இல்லை. அனுமதிதான் பிரச்சினை என்றால் 'அக்சஸ்' என்று வரும், டிரைவர் பட்டியலில் இந்த ரீடர் இல்லை என்றால் இதைத் திறக்கவே முயன்றிருக்காது. வேறு யாரோ ரீடரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

யார்? எல்எஸ்-யூஎஸ்பி கட்டளைக்கு டி என்ற விருப்பத்தைக் கொடுத்தால் மர வடிவில் சாதனங்களைக் காட்டும், ஒவ்வொரு இடைமுகத்துக்கும் எந்த டிரைவர் என்றும் சொல்லும். விசைப்பலகைக்கு யூஎஸ்பி-ஹெச்ஐடி, கேமராவுக்கு யூவிசி-வீடியோ என்று வரும். ஸ்மார்ட் கார்டு ரீடருக்குக் கர்னலில் தனி டிரைவர் கிடையாது, அதனால் யாரும் தொடாதபோது அந்த இடத்தில் 'நன்' (எதுவும் இல்லை) என்று இருக்கும். என் லேப்டாப்பில் அங்கே 'யூஎஸ்பி-எஃப்எஸ்' என்று இருந்தது. பயனர் தளத்தில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள் நேரடியாக அந்த இடைமுகத்தைக் கைப்பற்றியிருக்கிறது என்று அர்த்தம், பிசிஎஸ்சி-டி-யை நிறுத்திய பிறகும் அப்படியே இருந்தால் அது பிசிஎஸ்சி-டி இல்லை. எல்எஸ்-யூஎஸ்பி காட்டும் பஸ் எண், சாதன எண் இரண்டையும் வைத்து, டெவ் கோப்புறைக்குள் பஸ், யூஎஸ்பி என்று போனால் அந்தச் சாதனத்தின் கோப்பு கிடைக்கும். அந்தக் கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று ஃப்யூசர் கட்டளையிடம் கேட்டேன். ஒரே ஒரு பெயர் வந்தது: எஸ்சி-டீமன்.

எஸ்சி-டீமன் ஜிபிஜி-யோடு வருவது. ஜிபிஜி-க்கென்று சொந்தமாக ஒரு சிசிஐடி டிரைவர் உள்ளேயே இருக்கிறது. பிசிஎஸ்சி-டி இல்லாத கணினியிலும் கார்டு வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அப்படி எழுதியிருக்கிறார்கள், அது நியாயமான காரணம்தான். ஆனால் யூஎஸ்பி இடைமுகத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் வைத்திருக்க முடியும். முதலில் வந்தவருக்கு ரீடர், அடுத்தவருக்கு 'பிஸி'. ரீபூட் செய்தால் சில சமயம் சரியாவதும் சில சமயம் தலைகீழாவதும் இதனால்தான்: லாகின் செய்ததும் எந்த மென்பொருளை முதலில் திறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. என் அமைப்பில் எஸ்எஸ்ஹெச் சாவிகளை ஜிபிஜி-ஏஜென்ட் பார்த்துக்கொள்கிறது, அதனால் எஸ்எஸ்ஹெச் கட்டளை ஒன்றை அடித்தாலே போதும், ஏஜென்ட் 'கார்டில் சாவி இருக்கிறதா?' என்று எஸ்சி-டீமனை எழுப்பிக் கேட்கும், அது ரீடரைப் பிடித்துக்கொள்ளும். ஜிபிஜி என்று நாம் தட்டச்சு செய்யவே வேண்டாம்.

தீர்வு ஒரே வரி. வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் டாட்-ஜிஎன்யூபிஜி கோப்புறையில் எஸ்சி-டீமன் டாட் கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து (இல்லாவிட்டால் உருவாக்கி) 'டிசேபிள்-சிசிஐடி' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். இனி ஜிபிஜி தன் சொந்த டிரைவரை விட்டுவிட்டு மற்றவர்களைப் போல பிசிஎஸ்சி-டி வழியாகவே வரும். ஜிபிஜி-கான்ஃப் கட்டளையில் கில் கொடுத்து எஸ்சி-டீமனை நிறுத்தினேன், பிசிஎஸ்சி-டி சாக்கெட்டை மறுபடி ஓடவிட்டேன். பிசிஎஸ்சி-ஸ்கேன் உடனே ரீடர் பெயரைச் சொன்னது, கார்டைச் செருகியதும் 3பி என்று தொடங்கும் ஏடிஆர் வந்து விழுந்தது.

இதற்கு நேர் எதிரான வடிவமும் உண்டு: பிசிஎஸ்சி-டி முதலில் ரீடரைப் பிடித்திருக்கும், ஜிபிஜி-யில் கார்டு நிலையைக் கேட்டால் 'அப்படி ஒரு சாதனம் இல்லை' என்று பதில் வரும். ஜிபிஜி 2.3 பதிப்பிலிருந்து, சொந்த டிரைவரால் முடியாவிட்டால் தானாக பிசிஎஸ்சி பக்கம் போகும் பழக்கம் இல்லாமல் போனது, அதனால் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று இப்படி ஆனவர்கள் நிறைய. அதற்கும் மருந்து இதே வரிதான்.

இத்தோடு முடிந்துவிடவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே கதவு வழியாக வருகிறார்கள், ஆனால் எஸ்சி-டீமன் உள்ளே போனதும் கதவைத் தாழ்போட்டுக்கொள்கிறது. அதாவது கார்டைப் பிரத்யேக முறையில் திறக்கிறது, அந்த நேரத்தில் ஓப்பன்எஸ்சி வந்தால் 'ஷேரிங் வயலேஷன்' என்ற பிழை. பிசிஎஸ்சி-ஷேர்ட் என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதையும் அதே கான்ஃப் கோப்பில் எழுதினால் பகிர்ந்துகொள்ளும். நான் அதை எழுதவில்லை. எஸ்சி-டீமன் கார்டின் நிலையை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது, நடுவில் இன்னொரு மென்பொருள் கார்டில் வேறு ஏதாவது தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குத் தெரியாது. ஜிபிஜி ஆவணத்திலேயே இது கொஞ்சம் ஆபத்தான விருப்பம் என்று எச்சரித்திருக்கிறார்கள். சாவி வைத்திருக்கும் கார்டில் அந்தக் குழப்பம் எனக்கு வேண்டாம். பிடிஎஃப் கையொப்பம் போடும் முன்னால் எஸ்சி-டீமனை நிறுத்தும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொண்டேன். நிறுத்தினால் எந்த நஷ்டமும் இல்லை, அடுத்த முறை தேவைப்படும்போது தானே எழும்.

அடுத்த சிக்கல் வேறு முகத்தோடு வந்தது. காலையில் நன்றாக இருக்கும், கொஞ்ச நேரம் கார்டைத் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் ரீடர் காணாமல் போயிருக்கும். இந்த முறை 'பிஸி' இல்லை, கர்னல் லாகிலேயே தடயம் இருந்தது: ரீடரை மீண்டும் மீண்டும் ரீசெட் செய்திருக்கிறது, டிஸ்கிரிப்டரை (சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரம்) படிக்க முடியாமல் பிழை எண் மைனஸ் 71 கொடுத்திருக்கிறது. 71 என்றால் புரோட்டோகால் பிழை, சாதனம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை என்று பொருள். மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி சாதனங்களைத் தூங்க வைக்கும் வசதி கர்னலில் இருக்கிறது, சும்மா இருக்கும் சாதனத்தை 2 வினாடியில்கூடத் தூங்க வைக்கும், ஆனால் எல்லாச் சாதனங்களுக்கும் அதுவாகச் செய்யாது. பேட்டரிக்காக நான் ஓடவிட்டிருந்த பவர்டாப் ஆட்டோ-ட்யூன் எல்லாவற்றுக்கும் அதை இயக்கிவிட்டிருந்தது. சில ரீடர்கள் தூங்கினால் சரியாக எழுவதில்லை.

சரிபார்ப்பது சுலபம். சிஸ் கோப்புறைக்குள் அந்தச் சாதனத்தின் பவர் என்ற கோப்புறையில் கன்ட்ரோல் என்று ஒரு கோப்பு, அதில் 'ஆட்டோ' இருந்தால் தூங்கலாம், 'ஆன்' இருந்தால் கூடாது. கையால் 'ஆன்' எழுதிவிட்டுக் காத்திருந்தேன், ரீடர் போகவே இல்லை. நிரந்தரமாக்க யூடெவ் விதி (சாதனம் இணையும்போது தானாகச் செயல்படும் விதி) எழுத வேண்டும், ரீடரின் வெண்டர் எண்ணையும் புராடக்ட் எண்ணையும் வைத்து. சாதன எண்ணை வைத்து எழுதினால், ரீடர் துண்டித்து மறுபடி இணையும்போது அந்த எண் மாறிவிடும். ஆனால் யூடெவ் விதி மட்டும் போதாது. பூட் ஆகும்போது யூடெவ் முதலில் 'ஆன்' எழுதும், அப்புறம் பவர்டாப் வந்து அதை 'ஆட்டோ' ஆக்கிவிடும். அதனால் பவர்டாப் சர்வீஸ் கோப்பிலேயே, அது முடிந்த பிறகு ஓடும் வரியாக, ரீடருக்கு மட்டும் 'ஆன்' எழுதும் ஸ்கிரிப்டைச் சேர்த்தேன். டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு இவ்வளவு சுற்று வேண்டாம், அதன் யூஎஸ்பி டினைலிஸ்டில் (விலக்குப் பட்டியல்) ரீடர் எண்ணைப் போட்டால் போதும்.

இந்த இரண்டும்தான் என் லேப்டாப்பில் இருந்தவை. தேடும்போது கண்ணில் பட்ட மற்ற கோளாறுகளையும் சொல்கிறேன், ஏனென்றால் வெளியே பார்த்தால் எல்லாமே 'ரீடர் இல்லை', 'கார்டு இல்லை' என்றுதான் தெரியும்.

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் வேலை செய்கிறது, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்தால் மறுக்கிறது என்றால் அது போல்கிட், யாருக்கு எதற்கு அனுமதி என்று முடிவு செய்யும் அமைப்பு. டீமன் லாகில் இந்தப் பயனருக்கு அக்சஸ்-பிசிஎஸ்சி அனுமதி இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கும். திரைக்கு முன்னால் இருக்கும் அமர்வுக்கு மட்டும் கார்டைக் கொடுப்பது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. தேவையென்றால் அந்த ஒரு பயனருக்கு மட்டும் போல்கிட் விதி எழுதுங்கள், போல்கிட்டையே முடக்காதீர்கள்.

பிசிஎஸ்சி-ஸ்கேன் ரீடரைக் காட்டுகிறது, ஆனால் கார்டைச் செருகினால் 'அன்ரெஸ்பான்சிவ்' என்கிறது என்றால் இப்போதுதான் கார்டைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் திருப்பிச் செருகிப் பாருங்கள், சிப் மேலே வர வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பது லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும். பிறகு தங்கநிறத் தொடுபுள்ளிகளை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். அப்படியும் இல்லை என்றால் மின்னழுத்தம் ஒரு வாய்ப்பு. கார்டுகள் 5, 3, 1.8 வோல்ட் என்று மூன்று வகுப்புகளில் இயங்கும். லிப்-சிசிஐடி வழக்கமாக 5 வோல்ட்டில் தொடங்கும், அதன் இன்ஃபோ டாட் பிலிஸ்ட் கோப்பில் டிரைவர் விருப்ப எண்ணை மாற்றி 1.8-இல் தொடங்கச் சொல்லலாம், அல்லது ரீடரே முடிவு செய்யட்டும் என்று விடலாம். மாற்றினால் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டிரைவர் அப்டேட் ஆனபிறகும் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக ரீடர் வாங்குவதாக இருந்தால் லிப்-சிசிஐடி-யைப் பராமரிக்கும் லுடோவிக் ரூசோ வைத்திருக்கும் ரீடர் பட்டியலை ஒரு முறை பார்த்துவிட்டு வாங்குங்கள். ஒவ்வொரு மாடலும் சோதிக்கப்பட்டதா, வேலை செய்யலாம் என்ற நிலையில் இருக்கிறதா, ஆதரவே இல்லையா என்று பிரித்துப் போட்டிருக்கிறார், பல நாள் அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

டெர்மினலில் எல்லாம் சரி, பிகேசிஎஸ்-11 டூல் சான்றிதழைக்கூடக் காட்டுகிறது, உலாவி மட்டும் காணவில்லை என்கிறது என்றால் உலாவி ஸ்னாப், பிளாட்பேக் என்ற பேக்கேஜ் வடிவங்களில் வந்ததா என்று பாருங்கள். அவை கூண்டுக்குள் ஓடுபவை, டீமனின் சாக்கெட் அவற்றின் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். பிளாட்பேக்கில் பிசிஎஸ்சி என்று ஒரு சாக்கெட் அனுமதியே இருக்கிறது. சாக்கெட்டைத் திறந்துவிட்டாலும் ஓப்பன்எஸ்சி நூலகக் கோப்பு கூண்டுக்குள் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதனால் கார்டு வேலைக்கு மட்டும் வழக்கமான பேக்கேஜாக வரும் உலாவியை வைத்துக்கொள்வது நிம்மதி.

பின் எண் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறாராக இருங்கள். சோதனை செய்யும்போது பின் எண் கேட்கும் எந்தக் கட்டளையையும் ஓட்டாதீர்கள். ரீடர் இருக்கிறதா, ஏடிஆர் வருகிறதா, சான்றிதழ் தெரிகிறதா என்பதுவரை பெரும்பாலான கார்டுகளுக்குப் பின் எண் தேவையே இல்லை. பல கார்டுகளில் மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும், கோளாறான மென்பொருள் நமக்குத் தெரியாமலே ஒரு தவறான பின் எண்ணை அனுப்பிவிட்டால் அதுவும் கணக்கில் சேரும். கார்டின் பதிலில் கடைசி இரண்டு பைட்டுகள் 9000 என்றால் வெற்றி, 63சி2 என்றால் பின் எண் தவறு, இன்னும் 2 வாய்ப்பு இருக்கிறது, 6983 என்றால் பூட்டியாகிவிட்டது. 63 என்று தொடங்கும் பதிலைப் பார்த்தால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டு யார் அனுப்பினார்கள் என்று தேடுங்கள். அந்தப் போக்குவரத்தைப் பார்க்க டீமனை ஏபிடியூ (கார்டுக்குப் போகும் கட்டளைகளும் அதன் பதில்களும்) விருப்பத்தோடு ஓட்டலாம், ஆனால் அப்போது நீங்கள் அடித்த பின் எண்ணும் லாகில் பைட்டுகளாக விழுந்திருக்க வாய்ப்பு உண்டு, அதை யாருக்காவது அனுப்பும் முன்னால் ஒவ்வொரு வரியாகப் படித்து நீக்கிவிட்டு அனுப்புங்கள்.